மோந்தரோச்சா ஊரின் மதில்

பீரங்கி இன்னும் பிறக்காத காலம் அது, கேளுங்கள். இத்தாலி தேசத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குன்று. குன்றின் உச்சியில் மோந்தரோச்சா என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் கல் மதில். உள்ளே ஒரு சதுக்கம், ஒரு தேவாலயம், வானத்தை முட்டும் மூன்று கோபுரங்கள்.

கம்பளி வியாபாரி லாப்போ கட்டியது ஒன்று. எண்ணெய் வியாபாரி பிந்தோ கட்டியது ஒன்று. குங்குமப்பூ வியாபாரி நேரி கட்டியது ஒன்று. யார் கோபுரம் உயரமோ, அவர் குடும்பத்துக்குத்தான் தேவாலயத்தில் முதல் பெஞ்சு. அது அந்த ஊர் வழக்கம்.

பிந்தோ ஓர் அடுக்கு ஏற்றினால் நேரி ஓர் அடுக்கு ஏற்றுவார். நேரி ஏற்றினால் லாப்போவுக்கு ரொட்டி தொண்டையில் இறங்காது.

"இன்னும் மேலே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? புறாக்களோடு குடித்தனமா?" என்பாள் அவர் மனைவி தெஸ்ஸா.

ஒரு வருடம் குவாரியில் கல் தீர்ந்துபோனது. லாப்போ ஊரின் பின்பக்கம் போனார். அங்கே மதிலுக்கு வெளியே செங்குத்துப் பாறை. ஆடுகூட ஏறாது. 'இங்கே மதில் எதற்கு?' என்று நினைத்தார். முட்புதர் மறைவில் கற்களைப் பெயர்த்தார். மதில் கல்லைத் தொட்டவன் ஊரைவிட்டே போகவேண்டும் என்பது சட்டம். ஆனால் யாரும் பார்க்கவில்லை. கோபுரம் ஓர் அடுக்கு உயர்ந்தது, முதல் பெஞ்சும் கிடைத்தது.

அறுவடை முடிந்ததும் எதிரிப்படை வந்தது. ஊர்க்கதவை முட்டியது, கதவு அசையவில்லை. தீ வைத்தது, இரும்புத் தகடு தாங்கியது. பிறகு நூலேணிகளோடு பின்பக்கப் பாறைக்கு நகர்ந்தது.

"ஏறட்டுமே! மேலே மதில் இருக்கிறது," என்று சதுக்கத்தில் சிரித்தார்கள்.

லாப்போ மட்டும் சிரிக்கவில்லை. சொன்னால் அவருக்கு ஊர் இல்லை. சொல்லாவிட்டால் யாருக்குமே ஊர் இல்லை. தெஸ்ஸாவின் முகத்தைப் பார்த்தார்.

"மதிலில் ஓட்டை இருக்கிறது. கல்லை எடுத்தவன் நான். என் கோபுரத்தை இடித்து அடையுங்கள். பிறகு என்னைத் துரத்துங்கள்."

பிந்தோ மெல்லச் செருமினார்.

"எது, அத்திமரத்துப் பக்கமா?"

"இல்லை, முட்புதருக்குப் பின்னால்."

"அப்படியானால் அத்திமரத்து ஓட்டை வேறு. அது… என்னுடையது."

நேரி தொப்பியைக் கழற்றினார். "ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் ஒன்று உண்டு. அது நான்."

கடப்பாரைகள் மூன்று கோபுரங்களிலும் ஏறின. பாதிரியார், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக நின்று கைக்குக் கை கல் கடத்தினார்கள். முதல் சிப்பாய் தலையை நீட்டியபோது ஓட்டை எதுவும் மிச்சமில்லை. மதில்மேல் ஊரே கல்லோடு நின்றது. அவன் வந்த வழியே இறங்கினான். பொழுது சாய்வதற்குள் படையும் போய்விட்டது.

"சட்டப்படி மூன்று பேரையும் துரத்தவேண்டுமே," என்று தலையைச் சொறிந்தார் ஊர்த்தலைவர்.

"துரத்திவிட்டு, மதிலுக்குச் சுண்ணாம்பு பூச நீங்கள் ஏறுவீர்களா?" என்றாள் தெஸ்ஸா.

கனத்த உடம்புக்காரரான தலைவர் மதிலை அண்ணாந்து பார்த்தார். ஊரே வெடித்துச் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார்; துரத்தும் பேச்சு அதோடு போயிற்று. லாப்போ தரையிலேயே உட்கார்ந்து, வெகுநாளுக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

மறைத்த தவறைக் காலத்தோடு ஒப்புக்கொள்பவன் ஊரையும் காக்கிறான், தன்னையும் காத்துக்கொள்கிறான்.