மூன்று பெட்டியும் ஒரு மணியும்

"இந்த மூணுல என் பொண்ணுக்கு எது? அதை மட்டும் சொல்லுங்க. நான் போயிட்டே இருக்கேன்."

வணக்கம் சொல்வதற்கு முன்பே தமயந்தி இதைக் கேட்டுவிட்டாள்.

கேட்டதோடு நிற்கவில்லை. சேலத்திலிருந்து வாடகைக் காரில் ஏற்றிவந்த மூன்று அட்டைப் பெட்டிகளையும் கூடத்தின் நடுவில் தொப்பென்று போட்டாள்.

கொல்லிமலை அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். பெரிய மடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை, ஒரே ஒரு கூடம். அங்கே குருவாக இருந்தவளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. காதோரம் ஒரு நரைகூட இல்லை. பல்லுப்போன கிழவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

நாற்பதைத் தாண்டிய தமயந்திக்கு அதுவே முதல் எரிச்சல். ஊரே தலையில் வைத்துக் கூத்தாடுகிற குரு இதுதானா? இவளுக்கு என் வயிற்றெரிச்சல் என்ன தெரியும்?

அக்கா முறத்தில் பாசிப்பயறு வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தாள்.

"உக்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி குடிக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

"சரி, சொல்லுங்க."

தமயந்தி சொன்னாள். சொன்னாள் என்றால் அது குறைச்சல். கொட்டித் தீர்த்தாள்.

மகள் பெயர் இளவேனில். ஒன்பது வயது. காதால் கேட்டது கற்பூரம் மாதிரி பற்றிக்கொள்ளும். கண்ணால் படிப்பதில்தான் கொஞ்சம் தகராறு. எழுத்துகள் அவளுக்கு வரிசையில் நிற்காது. மற்ற பிள்ளைகள் பாடத்தை முடித்துவிட்டுப் பராக்குப் பார்க்கும்போது இவள் இரண்டாவது வரியில் விரல் வைத்துக்கொண்டிருப்பாள். டாக்டர் பார்த்துவிட்டு, லேசான சிரமம்தான், மெதுவாகப் படிப்பாள், மிரட்டாமல் இருந்தால் போதும் என்றார்.

மிரட்டாமல் இருக்கத்தான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெரியவில்லை.

"பெஞ்சு மேல ஏத்தி நிக்கவச்சு, சத்தமா வாசின்னு சொல்லியிருக்காங்க. கிளாஸே சிரிச்சிருக்கு. பெரிய மிஸ் என்னை வரச்சொல்லி, உங்க பொண்ணால எங்க கிளாஸ் ஆவரேஜ் இறங்குதுங்கறாங்க. ஆவரேஜாம் ஆவரேஜ்! எம் பொண்ணு என்ன சொசைட்டிக்கு ஊத்துற பாலா?"

"அநியாயம்தான்."

"அதையும் பொறுத்துக்கிட்டேங்க. ஒரு நாள் விளையாட்டு பீரியட்ல விழுந்துட்டா. முட்டி பேந்து ரத்தம் வழியுது. காலையில விழுந்தவ, சாயங்காலம் வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல. வீட்டுப் படி ஏறி என் முகத்தைப் பாத்தப்புறம்தான் ஓன்னு அழுதா. வலிக்குதுன்னு சொல்லக்கூட ஒரு புள்ள பயப்படுதுன்னா, அது என்னங்க பள்ளிக்கூடம்? நீங்களே சொல்லுங்க!"

அக்காவின் விரல்கள் பயற்றுக்குள் அப்படியே நின்றன.

"அது பள்ளிக்கூடம் இல்ல," என்றாள்.

"அன்னிக்கே டி.சி. வாங்கிட்டேன். இனிமே எம் பொண்ணுக்கு வீடுதான் பள்ளிக்கூடம்னு சொல்லிட்டேன்."

சபாஷ் என்று சொல்ல வேண்டிய காரியம். எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும்? பள்ளிக்கூடத்தில் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளையின் முதுகில் நாலு வைக்கிற ஆட்கள்தானே நாட்டில் அதிகம்! தமயந்தி அப்படிச் செய்யவில்லை. சிங்கம் மாதிரி நின்று மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வந்த பிறகு ஆரம்பித்தது வீட்டுக்குள் ரோதனை.

"நாத்தனார் சொல்றா, பள்ளிக்கூடம் போகாத பொண்ணை எவன் கட்டுவான்னு. ஒம்பது வயசுப் புள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை தேடுறா, வேலையத்தவ! எங்க வீட்டுக்காரர் அவளுக்கு மேல. திங்கக்கிழமைக்குள்ள எந்தப் பாடம்னு முடிவு பண்ணு, இல்லேன்னா பழைய ஸ்கூல்லயே கொண்டுபோய்த் தள்ளிருவேன்னு சொல்லிட்டார். சொன்னா செய்வார். மறுபடியும் அந்தப் பெஞ்சு மேல எம் பொண்ணு ஏறி நிக்கணுமா? அதுக்கு நான் உயிரோட இருக்கணுமா?"

"அதனால மூணு பெட்டி."

"ஆமா."

தமயந்தி ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். முதல் பெட்டியில் திறந்தநிலைப் பள்ளிப் பாடம். பரீட்சை உண்டு, சான்றிதழ் உண்டு. இரண்டாவதில் மர எழுத்துகள், பாசிமணிகள், மணல் தட்டு. தொட்டுத் தொட்டுப் படிக்கிற வெளிநாட்டு முறை. மூன்றாவதில் ஒரு டேப்லெட். அதுவே வாசித்துக் காட்டும், அதுவே திருத்தும்.

"மூணையும் வச்சுப் பாத்துட்டேன். முதலாவதைத் திறந்தா தூங்குறா. ரெண்டாவதைக் கொடுத்தா மணலைக் கிளறிக்கிட்டே உக்காந்திருக்கா. மூணாவது நல்லாத்தான் பேசுது. இவதான் பேச மாட்டேங்குறா."

"முன்னாடி பேசுவாளா?"

"பேசுவாளாவா? வாய் ஓயாதுங்க! ஸ்கூல் விட்டு வந்தா சோறு இறங்காது, அவ்வளவு கதை சொல்லுவா. அங்க அத்தனை கொடுமை நடந்தப்பகூட என்கிட்டப் பேச்சு நிக்கல. இப்ப ஒரு வார்த்தை வாங்க முடியல." அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது தமயந்திக்கு. "அதனாலதான் கேக்கறேன். எந்தப் பாடத்துல கோளாறு? எது இவளுக்கு ஒத்து வரும்? பெட்டி விக்கிறவன் எல்லாம் என்னோடதுதான் ஒசத்திங்கறான். நீங்களாவது நேர்மையாச் சொல்லுங்க."

அக்கா பெட்டிகளைப் பார்க்கவில்லை.

"குழந்தை எங்க?"

"வெளிய வேப்ப மரத்தடியில. கணக்கு பீரியட் நடக்குது."

"கூப்பிடுங்களேன்."

"இளவேனில்!"

மடத்துக்குள் செருப்புக்கு இடமில்லை. வெளிவாசலிலேயே கழற்றிவிட வேண்டும். வேலி ஓரமாக இருந்த மரத்தடியிலிருந்து அந்தப் பெண் கக்கத்தில் நோட்டோடு, புழுதியில் வெறுங்காலோடு நடந்துவந்தாள். பாதி வழியில் ஒரு கணம் நின்றாள். பிறகு ஒரு குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தாள்.

"நேரா நட," என்றாள் தமயந்தி.

நேராக நடந்தாள்.

அவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். பள்ளியின் பெயர் தைத்திருந்த துண்டை மட்டும் தமயந்தி பிரித்து எடுத்துவிட்டிருந்தாள். சட்டையில் அந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் தெரிந்தது.

வாசற்படியில் நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"மே ஐ கம் இன், மிஸ்?"

அக்கா திரும்பித் தன் பின்னால் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"மிஸ் யாரு கண்ணு?"

இளவேனிலின் கண் அம்மாவின் பக்கம் போனது.

"கம் இன்," என்றாள் தமயந்தி. பிறகு அக்காவிடம் விளக்கினாள். "காலையில ஒம்பதுல இருந்து மூணு வரைக்கும் நான் அம்மா இல்லீங்க, மிஸ். வீட்டுல படிக்கவைக்கறவங்க குரூப்புல சொல்லிக் கொடுத்தாங்க. அம்மான்னா புள்ள செல்லம் கொஞ்சும், பாடம் ஏறாதாம். யூனிபார்ம் போட்டாத்தான் படிக்கிற நினைப்பே வருமாம். அந்த நேரத்துல அம்மான்னு கூப்பிட்டா நான் திரும்பியே பாக்க மாட்டேன். மூணு மணிக்கு இதை அடிப்பேன். அப்புறம்தான் அம்மா."

பையிலிருந்து ஒரு வெண்கல மணியை எடுத்துக் காட்டினாள். பூஜை அறை மணி.

"வீட்டுல படிக்கிற புள்ளன்னா எளப்பம்னு எவனும் நெனச்சிரக் கூடாது பாருங்க. அந்த ஸ்கூலுக்கு நான் எதுலயும் குறைஞ்சவ இல்ல."

சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது.

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பெட்டின்னு நான் சொல்லணும்னா, இவ அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நீங்க மிஸ்ஸாச்சே. நான் கேக்கணும்னு சொன்னது அம்மாகிட்ட."

"நான்தாங்க அம்மா!"

அக்கா இளவேனிலைப் பார்த்தாள். "அம்மா எப்பம்மா வருவாங்க?"

"மூணு மணிக்கு."

"சரி, வரட்டும்."

அக்கா மறுபடியும் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தமயந்திக்கு உச்சந்தலை கொதித்தது. பார்த்தால் சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணிக்கு இன்னும் கால் மணி நேரம் கிடந்தது.

"என்னங்க விளையாடுறீங்களா? ஒரு பெட்டியைத் திறந்துகூடப் பாக்கல நீங்க! ஒரு வார்த்தை சொல்ல முடியலேன்னா தெரியலேன்னு சொல்லிட்டுப் போங்க. இதுக்கா மெனக்கெட்டு வந்தேன்? ஏமாந்தவ கிடைச்சா எல்லாருக்கும் நக்கல்தான்."

"அம்மா வந்ததும் எல்லாப் பெட்டியையும் பாத்துரலாம்," என்றாள் அக்கா. ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

மணியை இப்போதே அடித்துவிட்டால் ஆயிற்று. கையில்தான் இருக்கிறது. ஆனால் தமயந்தி அடிப்பாளா? நேரம் என்றால் நேரம். இவள் ஒருத்தியின் கேலிக்குப் பயந்து சட்டத்தை மாற்றுவதா? அதையும் பார்த்துவிடலாம்!

"உக்காந்து எட்டாம் வாய்ப்பாடு எழுது," என்று மகளிடம் எரிந்து விழுந்தாள்.

இளவேனில் சுவரோரமாகப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். தமயந்தி பெட்டிகளின் ஓரமாக உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டு வாய்க்குள்ளேயே திட்டினாள். பள்ளிக்கூடத்தைத் திட்டினாள், நாத்தனாரைத் திட்டினாள், இந்த மடத்துக்கு வழி சொன்ன பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினாள். உலகத்தில் ஒருவருக்காவது தன் பிள்ளைமேல் அக்கறை இருக்கிறதா என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

"கண்ணு."

அக்காவின் குரல் மாறியிருந்தது. தமயந்தி திரும்பினாள்.

வாசற்படியிலிருந்து சுவர்வரை சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

"கண்ணு, காலைக் காட்டு."

இளவேனில் காலை நீட்டினாள். குதிகாலில் வேலிக்கருவேல முள். பாதி உள்ளே, ஒடிந்த மீதி வெளியே.

"எப்பக் குத்துச்சு?"

"மரத்துகிட்ட இருந்து வர்றப்ப."

"வலிக்கலையா?"

"ரொம்ப வலிக்குது."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

இளவேனில் கடிகாரத்தைப் பார்த்தாள். படிக்கத் தடுமாறுகிறவள்தான், ஆனாலும் கடிகார முள் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பரவாயில்லை, கவலைப்படாதீர்கள் என்று அக்காவுக்குத் தைரியம் சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"மூணு மணிக்கு அம்மா வந்துருவாங்க. அவங்ககிட்டச் சொல்லிக்கிறேன்."

தமயந்தி எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால் இடறி ஒரு பெட்டி கவிழ்ந்தது. பாசிமணிகள் கூடம் முழுக்க உருண்டன. சுவரோரம் மண்டி போட்டு விழுந்து, மகளின் காலை இரண்டு கையாலும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேனி… அடியே என் தங்கமே…"

இளவேனில் பயந்துபோய்க் காலை உருவிக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"மிஸ், இன்னும் மணி அடிக்கலையே?"