எட்வின் கம்ப்யூட்டருக்குள்ள எழும்புன ஊர்

எட்வினோட லேப்டாப்ல மவுஸ் அம்பு அசையாம நின்னுபோச்சு. நாலு மணிக்கு கிளையன்ட் வீடியோவுல வந்துருவாரு. கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டணும், அதுக்கு விர்ச்சுவல் மெஷின்னு பேரு. புராஜெக்ட் மொத்தத்தையும் அதுக்குள்ளதான் ஓட்டிக் காட்டணும். ஓடலைன்னா எட்வின் நாளையில இருந்து பாளையங்கோட்டையில மாமா கடையில மொபைல் கவர் விக்கப் போகணும். வேற வழி கிடையாது.

"ஏல, தொங்கிட்டா?" டீம் லீடர் நசீமா பின்னால வந்து நின்னாங்க.

"தொங்கலக்கா. யோசிக்கு."

பக்கத்து சீட்டு கோமதிநாயகம் சிரிச்சுட்டான். கதை அளக்க அது போதும் எட்வினுக்கு.

"சிரிக்காதல. எல்லாரும் ஒரு மெஷினு போடுவாவ. நான் மெஷினுக்குள்ள மெஷினு, அதுக்குள்ள மெஷினுன்னு ஏழு போட்டிருக்கேன். ஏழாவது எவ்வளவு ஸ்பீடு தெரியுமா? நான் புரோகிராம் எழுதுததுக்கு முன்னாலயே தப்புன்னு சொல்லிட்டு."

"அது உன் மூஞ்சியைப் பாத்தாலே சொல்லிரலாமே," ன்னான் கோமதி.

"லேப்டாப் ஃபேன் ஏன்ல இப்படிக் கத்துது?" ன்னு கேட்டாங்க நசீமா.

"இது குறைச்சு வச்சதுக்கா. காலையில அடிச்ச காத்துல தென்காசி பஸ்ஸு டிரைவர் இல்லாமலே ஆலங்குளம் வரைக்கும் போயிட்டு. கண்டக்டர் பாட்டுக்கு டிக்கெட் கிழிச்சுக்கிட்டே போயிருக்காரு."

கோமதி வாயைப் பொத்திக்கிட்டான். எட்வின் விடல.

"உள்ள ஒரு ஊரே எழும்பிட்டு. நாலாவது மெஷின்ல டீக்கடை. வடை வாசம் யூஎஸ்பி ஓட்டை வழியா வருது, மோந்து பாரு."

கோமதி குனிஞ்சு மோந்தே பாத்துட்டான், மடையன். "ஒண்ணும் வரலியேல."

"மணி மூணரை தாண்டிட்டுல்லா, வடை தீந்திருக்கும். ஏழாவதுல நம்ம ஆபீஸே இருக்கு. அங்க டெமோ முடிஞ்சு, நசீமாக்கா என்னை டீம் லீடர் ஆக்கிட்டாவ. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அக்காதான் அழுதாவ."

நசீமா அழல. "உள்ள இருக்க மெஷினுக்கு மெமரி எவ்வளவுல குடுத்த?" ன்னு கேட்டாங்க.

"முழுசும். குடுக்கதுல என்னக்கா கஞ்சத்தனம்?"

"உள்ள இருக்கதுக்கே முழுசும் குடுத்துட்டா, வெளிய இருக்கது எதுலல மூச்சு விடும்?"

பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சாங்க. திரும்பப் போட்டுப் பாத்தா, இருந்தது ஒரே ஒரு மெஷின். அதுக்கு 'எட்வின் ஏழு'ன்னு பேரு வச்சிருந்தான். நசீமா மெமரியைப் பாதியாக் குறைச்சாங்க. கிளையன்ட் முகம் தெரியறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் எல்லாம் ஓட ஆரம்பிச்சுது. எட்வினுக்கு உசுரு வந்துச்சு.

டெமோ பாதி ஓடுறப்ப கிளையன்ட் தலையாட்டினாரு. "நல்லா வேகமா இருக்கே. செட்டப் யார் பண்ணது?"

எட்வின் நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டான். "நான்தான் சார். இது கம்ப்யூட்டரே இல்லாம ஓடும். லேப்டாப்பை மூடிக் காட்டட்டுமா?"

அவரு போற வரைக்கும் வாயைத் திறக்காதன்னு நசீமா அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருந்தாங்க.