யானை மேல் போன தாய்மாமன்

ஈச்சம்பாறைக் காட்டில் துள்ளையன் என்ற முயலும் அவன் மனைவி செவந்தியும் குடியிருந்தார்கள். ஒரு நாள் காலை தும்பைக்காட்டிலிருந்து ஒரு கிளி பறந்து வந்து அவர்கள் வளை வாசலில் உட்கார்ந்தது.

"துள்ளையா! உன் தங்கச்சி பூவாத்தா சேதி சொல்லி அனுப்பியிருக்கா. பௌர்ணமிக்கு மறுநாள் குழந்தை மொச்சைக்குக் காதுகுத்து! தாய்மாமன் நீதான் மடியில வெச்சுக்கணுமாம்!"

துள்ளையனுக்குத் தலைகால் புரியவில்லை. முயல் வீட்டில் காதுகுத்து என்றால் கல்யாணத்தைவிடப் பெரிய விசேஷம். காது அத்தனை பெரிது அல்லவா!

கிளி இன்னொன்றும் சொன்னது. "காது குத்தப்போறது முள்ளம்பன்றி ஊசியப்பர். அவருக்கு வெயில் ஆகாது. சூரியன் உச்சிக்கு வந்துட்டா வளைக்குள்ள போய்ப் படுத்துக்குவார். அதுக்குள்ள நீ வரலேன்னா, உன் பெரியப்பா மகன் கோரையன் மடியில உட்கார வெச்சுக் குத்திடுவாங்களாம்!"

கோரையன்! அந்தப் பெயரைக் கேட்டதும் துள்ளையன் மீசை துடித்தது.

"என் தங்கச்சி பிள்ளை அவன் மடியிலயா? நான் உசிரோட இருக்கும்போதா?"

அன்றே சீர் வரிசை தயாரானது. ஒரு கூடை சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒரு கூடை வாழைப்பழம், ஒரு கூடை கரும்புத் துண்டு. மருமகன் காதுக்குச் சிவப்பும் கறுப்புமாகக் குன்றிமணித் தோடு ஒரு ஜோடி. இத்தனையையும் சுமந்துகொண்டு இரண்டு குன்று தாண்டி ஓட முடியாது. யார் முதுகிலாவது இடம் பிடித்தாக வேண்டும்.

"ஆலமரத்து மைனாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் செவந்தி. "யார் எந்த வழியாப் போறாங்க, எங்கெங்க நிப்பாங்க, எல்லாம் அதுக்கு அத்துப்படி. காடே அதுகிட்ட சொல்லித்தானே இடம் பிடிக்குது."

"ஏன், எனக்கு வாய் இல்லையா? நானே பேசி முடிக்கிறேன்!"

"அப்போ எருமை காரிகிட்டயாவது பேசுங்க. அவ தும்பைக்காட்டுக்குத்தான் மேயப் போறா."

"காரியா! சேத்தைக் கண்ட இடமெல்லாம் படுப்பா. வழியில ஓணான் தலையாட்டினாக்கூட நின்னு விசாரிப்பா. அவ முதுகுல போய் இறங்கினா கோரையன் சிரிக்க மாட்டானா? தாய்மாமன் வர்றதை ஊரே நிமிர்ந்து பார்க்கணும், செவந்தி!"

நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்றால் உயரமாக ஒன்று வேண்டும். துள்ளையன் நேராக யானைகளிடம் போனான்.

யானைக் கூட்டத்தின் தலைவி பெரியநாயகி மூங்கில் குருத்தை மென்றுகொண்டிருந்தாள்.

"அம்மா! பௌர்ணமிக்கு மறுநாள் நீங்க தும்பைக்காட்டு வழியாப் போவீங்களா?"

"போவோம்."

"எப்போ?"

"விடிஞ்சதும் கிளம்புவோம். வெயில் ஏறுறதுக்குள்ள தும்பைக்காட்டைத் தாண்டிடுவோம்."

"எங்க ரெண்டு பேருக்கும் உங்க முதுகுல இடம் கிடைக்குமா?"

"தாராளமா ஏறிக்கோ."

தாண்டிவிடுவோம் என்று அவள் தெளிவாகத்தான் சொன்னாள். துள்ளையன் மனதில் பதிந்தது 'வெயில் ஏறுவதற்குள்' என்பது மட்டும்தான். அவ்வளவு நீளக் காது இருந்து என்ன பிரயோஜனம்!

அன்று சாயங்காலத்துக்குள் காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யாரும் பரப்பவில்லை, துள்ளையனே வீடு வீடாகப் போய்ச் சொன்னான். "நான் யானையில போறேன்!" என்று நண்டிடம்கூடச் சொன்னான். நண்டுக்குப் பாவம், யானை என்றால் என்னவென்றே தெரியாது.

பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்தது. பெரியநாயகி துதிக்கையால் முயல்களையும் கூடைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி முதுகில் வைத்தாள். கூட்டம் கிளம்பியது.

ஆகா, என்ன சுகம்! இதுவரை அண்ணாந்து பார்த்த மரக்கிளைகள் இப்போது முகத்துக்கு நேரே வந்தன. குருவிகள் பக்கத்து வீட்டார் மாதிரி வணக்கம் சொல்லின. வழியில் ஒரு பள்ளத்தில் எருமை காரி சேற்றில் படுத்திருந்தாள்.

"வர்றேன் காரி! மெதுவா வா!" என்று துள்ளையன் கையை ஆட்டினான்.

"ஏங்க" என்றாள் செவந்தி, "ஒரு கூடை லேசாத் தெரியுதே?"

துள்ளையன் திரும்பிப் பார்த்தான். கரும்புக் கூடை காலி! பின்னால் வந்த இளம் யானையின் துதிக்கை அப்போது வாழைப்பழக் கூடைக்குள் இருந்தது.

"அடப்பாவி! அது சீர் வரிசை!"

"அப்படியா?" என்றது இளம் யானை, வாய் நிறைய மென்றபடி. "எங்க பாட்டி முதுகுல கரும்பு இருந்தா அது எங்களுக்குன்னு நெனைச்சேன். ரொம்ப நல்லா இருக்கு, மாமா!"

கிழங்குக் கூடையைத் துள்ளையன் கட்டிப்பிடித்துக்கொண்டான். துதிக்கை அவனை மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு வேலையை முடித்தது.

"கரும்பைக் கொண்டுபோய் யானை மேல ஏத்தின ஒரே ஆளு இந்தக் காட்டுல நீங்கதான்!" என்றாள் செவந்தி. குன்றிமணித் தோட்டை மட்டும் யானை சீண்டவில்லை. அதை எடுத்து அவள் இறுக்கமாகக் கையில் வைத்துக்கொண்டாள்.

அதற்குள் தும்பைக்காடு வந்துவிட்டது. வெள்ளைப் பூக்களுக்கு நடுவே ஊரே கூடி நின்றது. மரங்கொத்தி மேளம் கொட்டியது. பூவாத்தா மாலையோடு முன்னால் ஓடி வந்தாள்.

"எங்க அண்ணன் யானை மேல வர்றார்! பாருங்க, பாருங்க!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கோரையனும் பார்த்தான். துள்ளையனுக்கு நெஞ்சு விரிந்தது. சீர் போனால் என்ன, இது போதாதா!

"அம்மா, நாங்க இறங்குற இடம் வந்திடுச்சு" என்றான்.

பெரியநாயகி நடந்துகொண்டே இருந்தாள்.

"அம்மா! இதுதான் தும்பைக்காடு!"

"தெரியும்."

"நிக்கணும்மா!"

"இங்க நிக்க மாட்டோம்பா. பின்னால குட்டிங்க வரிசையா வருதுங்க. திடீர்னு நின்னா ஒண்ணு மேல ஒண்ணு முட்டிக்கும். நாங்க நிக்கிறது மூங்கிலாத்துலதான்."

"ஐயோ! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"போவீங்களான்னு கேட்டே, போவோம்னு சொன்னேன். எப்போன்னு கேட்டே, அதையும் சொன்னேன். நிப்பீங்களான்னு நீ கேட்கவே இல்லையே!"

கீழே பூவாத்தா மாலையை வீசினாள். அது ஒரு யானைக்குட்டியின் தலையில் விழுந்தது. குட்டி அதை உடனே தின்றுவிட்டது.

"அண்ணே! எங்கே போறீங்க?" என்று கத்தினாள் பூவாத்தா.

"எனக்கே தெரியலம்மா!" என்று கத்தினான் துள்ளையன்.

விசேஷ வீட்டார் கை காட்டிக்கொண்டே நின்றார்கள். யானையில் வருகிற மாமன் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

தும்பைப் பூக்கள் மறைந்தன. ஒரு மேடு போனது, ஒரு பள்ளம் போனது. சூரியன் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. துள்ளையனுக்கு அழுகை வந்துவிட்டது.

"கோரையன் மடியில உட்கார்ந்துட்டா, நாளைக்கு அந்தப் பிள்ளை அவனைத்தானே மாமான்னு சுத்தி வரும்? என்னை யாருன்னு கேட்குமே, செவந்தி!"

சண்டை போடலாம் என்றுதான் செவந்தி வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு வரவில்லை. "ஆறு வரட்டும். நமக்குக் கால் இல்லையா?" என்றாள்.

ஆறு வந்தது. யானைகள் நின்றன. பெரியநாயகி குனிவதற்குள் இரண்டு முயல்களும் வால் வழியாகச் சறுக்கி இறங்கின. இனித் தூக்க ஒரு கூடையும் இல்லை. ஓட்டம் என்றால் அப்படி ஓர் ஓட்டம்! புதர் பறந்தது, பாறை பறந்தது. காலில் முள் குத்தியதைக்கூடத் துள்ளையன் கவனிக்கவில்லை.

தும்பைக்காட்டில் மணை போட்டாகிவிட்டது. ஊசியப்பர் நிழலைப் பார்த்தார். நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது.

"இனிமே என்னால இருக்க முடியாது, தாயி. யார் மடின்னு சீக்கிரம் சொல்லு."

பூவாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோரையனிடம் குழந்தையைக் கொடுத்தாள். மொச்சை அவன் மடியில் உட்கார்ந்ததுதான் தாமதம், காடே அதிரும்படி வீறிட்டான். ஊசியப்பரின் முதுகைப் பார்த்தால் யாருக்குத்தான் அழுகை வராது!

"நிறுத்துங்க!"

புழுதியோடு புழுதியாகத் துள்ளையன் வந்து விழுந்தான். பின்னாலேயே செவந்தி.

"வாய்யா, வா!" என்று கோரையன் துள்ளி எழுந்தான். "உன் மருமகனை நீயே பிடி. என் காது ரெண்டும் கிழிஞ்சு போச்சு!"

அத்தனை நாளும் அவனைத் திட்டியதை நினைத்துத் துள்ளையனுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் பூவாத்தாவின் மாமியார் சும்மா இருப்பாளா?

"தாய்மாமன் யானையில வந்தாரே, சீர் எங்கே?"

துள்ளையன் தலை குனிந்தான். "யானை தின்னுட்டுது, அத்தை. அது மேல குத்தமில்ல, ஏத்துனது நான்தான். நிக்குமான்னு கேட்காம ஏறினதும் நான்தான்."

முதலில் மரங்கொத்தி சிரித்தது. பிறகு ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மாமியாருக்கும் அடக்க முடியவில்லை.

"கிழங்கு கிடக்கட்டும், அண்ணே" என்றாள் பூவாத்தா. "உங்க மடி வந்துடுச்சுல்ல? உட்காருங்க!"

துள்ளையன் மணையில் உட்கார்ந்து மொச்சையை மார்போடு அணைத்துக்கொண்டான். ஓடி வந்த நெஞ்சு இன்னும் அடங்கவில்லை. படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மொச்சை அழுகையை நிறுத்தினான். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை மாமன் நெஞ்சில் ஒட்டவைத்துக் கேட்டான். பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்.

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசியப்பர் ஒரு காதைக் குத்திவிட்டார். மொச்சை தலையைத் திருப்பி அடுத்த காதை நெஞ்சில் வைத்துக் கேட்டான். அதற்குள் மேலே வந்த காதையும் குத்தியாகிவிட்டது. செவந்தி குன்றிமணித் தோட்டை மாட்டினாள். மேளம் முழங்கியது. ஊசியப்பர் வேகுவேகென்று தன் வளையைப் பார்த்து நடந்தார்.

துள்ளையன் மருமகனை மடியைவிட்டு இறக்கவே இல்லை. சாப்பாட்டைக்கூட அப்படியே உட்கார்ந்துதான் சாப்பிட்டான்.

எங்கே போகிறது, எப்போது போகிறது என்று கேட்டால் மட்டும் போதாது, நாம் இறங்க வேண்டிய இடத்தில் நிற்குமா என்றும் கேட்டுவிட்டு ஏறுகிறவனே புத்திசாலி.