கீரி படுத்த கற்படுக்கை

"அந்தக் கீரியைக் கொன்றுவிடச் சொல்கிறார்கள் அடிவாரத்து ஆட்கள், அடிகளே," என்றார் சாந்திசேனர்.

மலைக்குகையில் காய்ச்சல்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் சீடர் அவர். ஆசிரியை பூரணக் குரத்தியார் என்ற சமணப் பெண்துறவி, வயதில் அவருக்கு இளையவர்.

எதற்காம் என்று குரத்தியார் கேட்டார்.

அது யாருடைய கற்படுக்கையில் ஏறிக் காலடியில் சுருண்டுகொள்கிறதோ, அவர் பிழைப்பதில்லையாம். உப்பு வணிகர் அப்படித்தான் போனார். நேற்று நெசவாளி. இப்போதெல்லாம் கீரி வாசலில் தலை காட்டினாலே நோயாளிகள் காலை மடக்கிக்கொள்கிறார்கள்.

"அது படுத்தும் பிழைத்தவர்கள் எத்தனை பேர்?"

சாந்திசேனருக்கு நினைவில்லை.

"படுக்காமலே இறந்தவர்கள்?"

அதுவும் நினைவில்லை.

குரத்தியார் நான்கு மண்சட்டிகளை வரிசையாக வைத்தார். கீரி படுத்து இறந்தவர்களுக்கு முதல் சட்டி, படுத்தும் பிழைத்தவர்களுக்கு அடுத்தது. படுக்காதவர்களுக்கும் அப்படியே இரண்டு. ஆளுக்கு ஒரு கூழாங்கல். மழைக்காலம் முடியும்வரை கீரியை யாரும் தொடக்கூடாது என்றார்.

மழை கொட்டியது. குகை நிரம்பி வழிந்தது. கீரி படுக்கைகளுக்கு நடுவே நின்று மோப்பம் பிடிக்கும். பிறகு ஒருவரிடம் போகும். ஒவ்வொரு முறையும், இவர் பிழைக்கமாட்டார் என்றே சாந்திசேனருக்குத் தோன்றியது. ஆனாலும் கல்லை மாற்றிப் போடவில்லை.

மழை விட்ட அன்று சட்டிகளைக் கொட்டி எண்ணினார். கீரி படுத்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். படுக்காதவர்களிலும் ஏறக்குறைய அதே கணக்கு.

சொல்ல ஓடினார்.

குரத்தியார் காய்ச்சலில் கிடந்தார். காலடியில் கீரி தூங்கிக்கொண்டிருந்தது.

கணக்கு என்ன சொல்கிறது என்று குரத்தியார் கேட்டார். சாந்திசேனர் சொன்னார்.

"பிறகு ஏன் உமது குரல் நடுங்குகிறது?"

சாந்திசேனர் கீரியைப் பார்த்தார்.

"என் கல்லையும் சரியான சட்டியில் போடும்," என்றார் குரத்தியார்.

விடியும்போது குரத்தியாரின் உடல் குளிர்ந்திருந்தது. கீரி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

அடிவாரத்து ஆட்கள் கம்புகளோடு ஏறி வந்தார்கள். இனி எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

சாந்திசேனர் முதல் சட்டியில் ஒரு கல்லைப் போட்டார். பிறகு கீரியைத் தூக்கிக்கொண்டு போய், காலியாகக் கிடந்த கற்படுக்கையில் நீட்டிப் படுத்து, அதைத் தம் காலடியில் விட்டார்.

அது அவர் முகத்தை ஒருமுறை பார்த்தது. சுருண்டுகொண்டது.

"ஒரு கல் எடுத்து வையும்," என்றார் கம்புக்காரரிடம். "எந்தச் சட்டி என்று நாளைக்குச் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் உமக்கே தெரிந்துவிடும்."