கண்ணைக் கட்டிக் கொடி கட்டிய கரட்டுப்பாளையத்தார்

கரட்டுப்பாளையத்துக்காரர்களுக்குக் குறை ஒன்றும் கிடையாது. ஊருக்கு முன்னால் ஏரி, பின்னால் கரடு என்கிற முள்ளும் கல்லுமான குன்று. புத்தி மட்டும் அந்தப் பக்கத்து மழை மாதிரி, எப்போதாவது வரும்.

அந்த ஊர் விளையாட்டுச் சங்கத்துக்குச் செயலாளர் நாச்சிமுத்து. அவரோடு சேர்த்துச் சங்கத்தில் மூன்றே பேர். மூன்று பேருக்கும் பதவி உண்டு, சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் உண்டு. விளையாடத்தான் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் மாவட்டத்து விளையாட்டு அதிகாரி வந்தார். "திசைகாட்டி ஓட்டம்னு ஒரு போட்டி. கரட்டுல அங்கங்க கொடி கட்டி, வரைபடத்துல அந்த இடத்துக்கு வட்டம் போட்டுக் குடுங்க. ஓடறவங்க படத்தைப் பாத்துக் கொடியைத் தேடிப் பிடிப்பாங்க. நல்லா நடத்துனா வருஷா வருஷம் உங்க ஊர்லதான். இல்லேன்னா பக்கத்து ஊருக்குக் குடுத்துருவேன்," என்றார். ஜீப்பில் ஏறும்போது, "கொடி இருக்கற இடம் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, ஜாக்கிரதை!" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து ஊர்ச் சங்கத்துத் தலைவர் யார்? நாச்சிமுத்துவின் மச்சினன் அங்கமுத்து! போட்டி அங்கே போனால் மாமியார் வீட்டுப் பந்தியில் எந்த முகத்தோடு உட்காருவது? நாச்சிமுத்துவுக்குச் சோறே இறங்கவில்லை. உடனே சங்கத்தைக் கூட்டினார்.

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாதுன்னா, நமக்குமுங்களா?" என்று கேட்டார் பொருளாளர் சென்னியப்பன்.

"நாம மூணு பேரல்லோ?" என்றார் துணைத்தலைவர் குழந்தைசாமி.

"மூணு பேருல ஒவ்வொருத்தரும் ஒருத்தருதானுங்களே!"

நாச்சிமுத்து அசந்துபோனார். இவ்வளவு பெரிய அறிவாளியையா கணக்குப் பார்க்க உட்கார வைத்திருக்கிறோம்!

மறுநாள் மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி கரட்டில் ஏறினார்கள். செயலாளர் என்பதால் நாச்சிமுத்து முன்னால் போனார். அதனால் சப்பாத்திக்கள்ளியில் முதலில் விழுந்ததும் அவர்தான். ஒரு மரம் மட்டும் கொஞ்சம் சூடாக இருந்தது, முடிச்சுப் போடும்போதே நகர்ந்தது. "இளமரமுங்க, காத்துக்கு ஆடுது," என்றார் சென்னியப்பன். அதிலும் ஒரு கொடி கட்டினார்கள்.

அடுத்து வரைபடம். கொடி இருக்கும் இடமே தெரியாது, வட்டம் எங்கே போடுவது?

"கொடியக் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான கட்டுனோம்? வட்டத்தையும் கண்ணக் கட்டிக்கிட்டே போட்டுப்போட்டா ரெண்டும் ஒத்து வந்துருமுங்க," என்றார் குழந்தைசாமி.

போட்டார்கள். ஒரு வட்டம் நடு ஏரியில் விழுந்தது. ஒன்று காகிதத்தைத் தாண்டிக் குழந்தைசாமியின் வேட்டியில் விழுந்தது. போட்டி முடியும்வரை அந்த வேட்டியைத் துவைக்கக்கூடாது, ஓடுகிறவர்கள் பார்க்கும்படி அவர் ஆரம்பக் கோட்டிலேயே நிற்கவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

போட்டி நாளும் வந்தது. வேடிக்கை பார்க்க அங்கமுத்துவும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காலேஜ் பிள்ளைகள் குழந்தைசாமியின் வேட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓடினார்கள். மத்தியானம் முள் கிழித்த காலோடு வெறுங்கையாகத் திரும்பினார்கள். ஒரு பையன் மட்டும் கொடியைக் கண்ணால் பார்த்தானாம். துரத்தியிருக்கிறான். அது மே மே என்று கத்திக்கொண்டு வேலி தாண்டி ஓடிவிட்டதாம்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "யோவ், கொடி கட்டின எடத்தைத் திரும்பிப் போய்ச் சரி பாத்தீங்களா இல்லையா?"

"அதெப்படீங்க?" என்றார் நாச்சிமுத்து. "பாத்தாத் தெரிஞ்சு போயிருமுங்களே! எங்களை வெட்டிப் போட்டாலும் அந்த எடம் வெளிய வராதுங்க."

"இனி இந்த ஊருக்குப் போட்டியே கிடையாது! எல்லாம் அங்கமுத்து பாத்துக்குவாரு. கொடியெல்லாம் அவருகிட்ட ஒப்படைங்க!"

அங்கமுத்து மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். "என்ன மாமா, கொடி எங்க?"

"கண்ணத் தொறந்துக்கிட்டுப் போன ஒருத்தனுக்கும் ஆப்பிடலையே, பாத்தயல்லோ மாப்ள? நாங்க கண்ணக் கட்டிக்கிட்டுப் போனோம். அப்பிடிப் போனாத்தான் அந்த வழி தெரியும்," என்றார் நாச்சிமுத்து, மனசே இல்லாமல்.

அங்கமுத்து சற்று யோசித்தார். "அதானே! இதுகூடத் தெரியாம இந்த அதிகாரி பிள்ளைகள ஓட விட்டிருக்காரே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கக் கட்டினார். பிறகு கையை நீட்டி, "மாமா, அந்த வரைபடத்தக் குடுங்க, பாத்துக்கிட்டே போறேன்," என்றார்.