சொந்தத் தெருவை எழுதாதீர்கள்

மணற்கரை நகராட்சித் தலைவர் தில்லைநாயகம் ஒரு கோணிப்பையைச் சுமந்துகொண்டு ஆசிரமத்துக்கு வந்தார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு மெய்யம்மைக்கு நாற்பதுதான். ஆனாலும் தில்லைநாயகம் அவரை "அம்மா" என்றே அழைப்பார்.

மெய்யம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஐயா, மூட்டையோட வந்திருக்கீங்க?"

"பட்ஜெட் அம்மா. எந்த வேலையை முதல்ல எடுக்கலாம்னு ஊர்க்காரங்களையே எழுதித் தரச் சொன்னேன். நேத்து காலையில கூட்டம். எல்லாரும் அவங்கவங்க வாசலுக்கே கேட்டிருக்காங்க. மீன் மார்க்கெட்டுக்குக் கூரை. வடக்குத் தெருவுக்கு சிமெண்ட் ரோடு. ஒருத்தர் தன் வீட்டு முன்னாடியே பஸ் நிக்கணுமாம். திங்கட்கிழமை மன்றத்துல வைக்கணும். இதுல எது முதல்ல?"

மெய்யம்மை ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். சிரித்துக்கொண்டே திரும்ப உள்ளே போட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் இன்னொரு தடவை கூப்பிடுங்க."

"மறுபடியுமா? நேத்தே மூணு நாற்காலி உடைஞ்சுது அம்மா."

"நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கெல்லாம் சமுதாயக் கூடம் நிரம்பிவிட்டது. மெய்யம்மை எழுந்து நின்றார்.

"புதுசா ஒரு சீட்டு எழுதுங்க. சொந்தத் தெருவை மட்டும் எழுதக் கூடாது."

கூடம் சலசலத்தது. மீன் விற்கும் சகாயமேரி எழுந்தார். முதல் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் அவர்தான்.

"அடுத்த தெருவுக்கு என்ன வேணும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மெய்யம்மை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். சகாயமேரி பின்னால் போனார். தில்லைநாயகமும் போனார். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் யாருமில்லை.

அன்று மாலை கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் தங்கள் தெருவில் இல்லை. தெற்குத் தெருக்காரர்கள் வடக்குத் தெருவின் பள்ளங்களை எட்டிப் பார்த்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் டீ கிடைத்தது. பல வருஷமாகப் பேசாதிருந்த இரண்டு சம்பந்திகள் ஒரே சாக்கடை ஓரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

மெய்யம்மை, சகாயமேரி, தில்லைநாயகம் மூன்று பேரும் நடந்து நடந்து ஊர்க் கடைசியில் இருந்த சூளைக்கரைத் தெருவுக்கு வந்தார்கள். அங்கே ஒரு வாசலில் கன்னியம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடு தாயி" என்றார் சகாயமேரி.

கன்னியம்மாள் ஒரு சொம்பு கொண்டுவந்தார். சகாயமேரி ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். உள்ளே சொம்பு குடத்தின் அடியில் உரசும் சத்தம் வெளியே கேட்டது.

"அவ்வளவுதானா தண்ணி?"

"நாளைக்கழிச்சு லாரி வரும்க்கா. நீங்க குடிங்க."

சகாயமேரி அந்தச் சொம்பைக் குடிக்கவில்லை. உள்ளே போய்க் குடத்திலேயே ஊற்றிவிட்டு வந்தார்.

"இதை ஏன் கூட்டத்துல வந்து சொல்லலை?"

"கூட்டம் காலையிலதானே வச்சாங்க? அப்போ நாங்க உங்க தெருவைப் பெருக்கிட்டு இருந்தோம்க்கா."

தில்லைநாயகத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கூடத்துக்குத் திரும்பியதும் சகாயமேரி சீட்டெல்லாம் எழுதவில்லை. நேராக மேடையில் ஏறினார்.

"சூளைக்கரைக்கு முதல்ல தண்ணி விடுங்க. என் கூரை அடுத்த வருஷம் வரட்டும். இன்னொரு மழைக்கும் குடையைப் பிடிச்சுக்கிட்டு மீன் விக்கிறேன். மீனுக்கு நனைஞ்சா ஒண்ணும் ஆகாது!"

கூடம் அதிரச் சிரித்தது. சூளைக்கரைப் பக்கம் போய்வந்த வேறு பலரும் அதையே எழுதியிருந்தார்கள். பஸ் கேட்டவர் மட்டும் மறுபடியும் பஸ்ஸையே எழுதியிருந்தார். ஆனால் இந்த முறை அடுத்த தெருவுக்கு.

திங்கட்கிழமை மன்றத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

ஆடி மாதத்தில் ஒரு காலை, சூளைக்கரைக் குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் காற்று சீறியது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் கொட்டியது, அப்புறம் தெளிந்த நீர். பெண்கள் குலவையிட்டார்கள். சகாயமேரி மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டார். கன்னியம்மாள் ஒரு வாளியைத் தூக்கி நகராட்சித் தலைவரின் தலையில் அப்படியே ஊற்றினார். அடுத்த வாளி மெய்யம்மைக்கு.

தில்லைநாயகம் சொட்டச் சொட்ட நின்றார். சிரித்துச் சிரித்து அவருக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். சூளைக்கரையில தண்ணி இல்லைன்னு நான் வந்த அன்னிக்கே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மெய்யம்மை முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"எனக்கும் தெரியாது ஐயா. நானும் அந்த ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவையா இந்தத் தெருவுக்கு வந்தேன்."