பனைமட்டை நட்ட இடம்

"கையைத் தூக்கட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க சாமி" என்றாள் மிக்கேலம்மாள்.

மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். பத்து மணிக்குக் கிராமசபை. ஊருக்குத் தெற்கே அணு உலை வரலாமா என்று கைதூக்கிச் சொல்ல வேண்டும்.

கடற்கரைக் குடிசையில் இருந்த குருவுக்கு அவள் மகன் வயதுதான். அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நாலு வருடமாக, மீன் விற்கப் போகும் வழியில் அவரிடம் ஒரு கேள்வியை இறக்கிவிட்டுத்தான் போவாள்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அம்மா?"

"உலை வந்தா வேலை வரும். வேலை வந்தா மஸ்கட்டுலேருந்து என் மவன் வருவான். குடும்பத்தோட போயி ஒன்பது வருஷமாச்சு. பேரன் அங்கேதான் பொறந்தான்; அவனை போன்லதான் பார்த்திருக்கேன். கரண்ட் போனா டவர் போயிரும், புள்ளை முகமும் போயிரும்."

"பிறகென்ன தயக்கம்?"

"கழிவைப் புதைச்சு வைக்கணுமாம். ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு விஷம் போகாதாம். பத்திரமாப் புதைப்போம், மேலே அடையாளம் வைப்போம்னு ஆபீசர் சொல்றார். நல்ல மனுசன். வேண்டாங்கிறவங்களும் நல்லவங்கதான். நான் யார் பக்கம் போக?"

குரு கூடையை எட்டிப் பார்த்தார். மேலாகத் திருக்கை ஒன்று கிடந்தது.

"இதன் வால் முள் எங்கே?"

"ஒடிச்சுப் புதைச்சாச்சு."

திருக்கை முள் காலில் ஏறினால் ஆளைப் படுக்க வைத்துவிடும். அதை ஆழமாகப் புதைத்து, மேலே ஒரு பனைமட்டையை நட்டு வைப்பது அந்தக் கரையின் வழக்கம்.

"எங்கே?"

"அதோ, மட்டை தெரியுதே."

"போன மாதம் புதைத்தது?"

"மூணு முள்ளு. அந்தப் படகுக்கு இந்தப் பக்கம்... மட்டையைக் காணோமே. அலை கொண்டு போயிருக்கும்."

"அப்படியானால் மீனே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?"

"நல்லாயிருக்கே! நீங்க காத்தைக் குடிச்சுக்கிட்டு இருப்பீங்க. எனக்கு வயிறு இருக்கு."

குரு சிரித்தார்.

பிறகு, "பேரன் வந்தால் முதலில் என்ன செய்வான்?" என்று கேட்டார்.

அவள் முகம் மலர்ந்தது.

"தினமும் அதையேதான் சொல்வான். காரை விட்டு இறங்கினதும் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுக் கடலுக்கு ஓடுவானாம்."

"எந்த வழியாக?"

காட்டுவதற்காகக் கையைத் தூக்கினாள். கை அந்தப் படகுக்கு நேரே பாதியில் நின்றது.

கூடையை அங்கேயே விட்டுவிட்டுப் படகை நோக்கி நடந்தாள். மண்டியிட்டு மணலைக் கிளறினாள். குருவும் போய் எதிரே மண்டியிட்டார்.

பத்து மணிக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டது.

"மிக்கேலம்மா, எங்கே இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு!"

அவள் பக்கத்தில் இரண்டு முட்கள் கிடந்தன. இரண்டு கைகளும் முழங்கை வரை மணலுக்குள் இருந்தன.

"கூப்பிடுகிறார்கள்" என்றார் குரு.

"இருங்க சாமி" என்றாள். "மூணாவது இன்னும் கிடைக்கலை."